மேற்கே கூடுதல், கிழக்கே குறைவு

விண்ணிலிருந்து வரும் துகள்கள்: வரலாற்றுத் தொடர், அத்தியாயம் 9

1912 ஆகஸ்ட் 7ஆம் தேதி விக்டர் ஹெஸ் பலூனில் 5,300 மீட்டர் உயரம் வரை ஏறிப் பார்த்ததைச் சென்ற அத்தியாயத்தில் சொன்னேன். மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடியது. ஆகவே அது மண்ணிலிருந்து கிளம்புவதில்லை, வானத்திலிருந்து இறங்குகிறது என்று முடிவு கட்டினார் ஹெஸ். அப்படியானால் வானத்தில் எந்தப் பக்கத்திலிருந்து?

சூரியனிலிருந்து வருகிறது என்றால் பகலில் கூடி இரவில் குறைய வேண்டும். ஹெஸ்ஸே அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் சூரிய கிரகணத்தின்போது பறந்து பார்த்தார். நிலவு சூரியனை மறைத்தது, கதிர் குறையவில்லை. பால்வீதியின் மையத்திலிருந்து வருகிறது என்றால் தனுசு ராசி உச்சிக்கு வரும் நேரத்தில் கூட வேண்டும். அதுவும் இல்லை. எந்த நேரம் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு. இருபது ஆண்டுகள் இப்படியே போயின. வானத்தின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் வேறுபாடு உண்டு என்று முதன்முதலாகத் தெரிந்தது 1933இல்தான். தெரிந்தபோதும் அது நட்சத்திரங்களின் திசையாக இல்லை. பூமியிலுள்ள நம்முடைய மேற்காகவும் கிழக்காகவும் இருந்தது.

அந்த வேறுபாடு மதுரைக்கு நெருக்கமானது. இங்கே அது ஏன் கூர்மையாகத் தெரிகிறது என்பதிலிருந்தே தொடங்கலாம்.

பன்னிரண்டு அடுக்குகள்

மதுரையில் இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தைச் சேர்ந்த ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. பூமத்திய ரேகையிலிருந்து ஏறத்தாழ 10 பாகை வடக்கே, கடல் மட்டத்திலிருந்து 160 மீட்டர் உயரத்தில். அங்கே 2 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட கண்ணாடி உணர்விகள் பன்னிரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் வாயு, தகடுகளுக்குக் குறுக்கே சுமார் 10,000 வோல்ட் மின்னழுத்தம். மின்னூட்டமுள்ள துகள் ஒன்று உள்ளே புகுந்தால் அந்த இடத்தில் மட்டும் வாயுவில் சின்ன மின்கசிவு உண்டாகும். வெளியே ஒட்டிய உலோகப் பட்டைகள் அதை உணர்ந்து, எந்த இடம், எந்த நொடிப்பின்னம் என்று பதிவு செய்யும். பன்னிரண்டு அடுக்கிலும் பட்ட புள்ளிகளைக் கோடாக இணைத்தால் துகள் வந்த பாதை கிடைத்துவிடும்.

இப்படிப் பதிவாகும் துகள்கள் மியூவான்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர், பெரும்பாலும் ஒரு புரோட்டான், காற்றுமண்டலத்தின் மேலடுக்கில் ஏதோ ஓர் அணுக்கருவில் மோதுகிறது. அந்த மோதலில் பிறக்கும் பயான்கள் சிதைந்து மியூவான்களாகின்றன. 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்து தரைக்கு வரும் இவை, உங்கள் உள்ளங்கையளவு பரப்பில் நொடிக்கு ஒன்று வீதம் இப்போதும் விழுந்துகொண்டிருக்கின்றன. புரோட்டானின் வேகம் மிகுதி என்பதால் மியூவானும் ஏறக்குறைய அதே திசையில்தான் வரும். எனவே மியூவான் வந்த திசையைப் பார்த்தால், மூலத் துகள் எந்தப் பக்கமிருந்து காற்றுக்குள் நுழைந்தது என்று சொல்லிவிடலாம்.

உச்சியிலிருந்து நேராக இறங்கும் மியூவான்கள்தான் அதிகம். பார்வையைச் சாய்க்கச் சாய்க்க எண்ணிக்கை குறைகிறது. 60 பாகை சாய்வில் உச்சியில் உள்ளதில் கால் பங்குதான் மிஞ்சும். சாய்வாக வருபவை அதிகக் காற்றைக் கடக்க வேண்டும், வழியில் ஆற்றல் இழக்கும், சிதைந்தும் போகும். இதில் புதிர் ஒன்றும் இல்லை. இந்தக் குறைவு எல்லாத் திசைக்கும் பொது.

ஆனால் ஒரே சாய்வில் நான்கு திசைகளையும் ஒப்பிட்டால் கணக்கு மாறுகிறது. நாகமலைப் பக்கம், அதாவது மேற்கே, சாய்ந்து வரும் மியூவான்கள் கூடுதல். வரிச்சியூர்ப் பக்கம், கிழக்கே, அதே அளவு சாய்ந்து வருபவை குறைவு. இரண்டு பக்கமும் காற்று ஒன்றுதான், உயரமும் ஒன்றுதான். எஸ். பெத்துராஜ், கோபிந்த மஜும்தார் உள்ளிட்ட குழுவினர் இந்தத் திசைவாரிக் கணக்கை மதுரை அடுக்கில் எடுத்து, கணினி மாதிரிகளோடு ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள்.

வேறுபாட்டுக்குக் காரணம் காற்றல்ல, காந்தம். இதைக் கண்டுகொள்ள ஒரு கப்பல் பயணமும், நோபல் பரிசு பெற்ற இருவரின் சண்டையும், எரித்திரியா மலையில் ஒரு சோதனையும் தேவைப்பட்டன.

ஜாவாவிலிருந்து ஒரு கப்பல்

டச்சு இயற்பியலாளர் யாக்கப் கிளே அப்போது ஜாவாவில் பேராசிரியர். 1927இல் சொந்த ஊர் திரும்பும்போது கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். பயணம் நெடுக அளந்தார். வெப்பமண்டலக் கடலில் கதிர் குறைவாகவும் ஐரோப்பாவை நெருங்க நெருங்கக் கூடுதலாகவும் இருந்தது. கருவிக் கோளாறாக இருக்குமோ என்ற சந்தேகம் பலருக்கு. கிளே விடவில்லை, அடுத்தடுத்த பயணங்களிலும் அளந்தார். அதே முடிவு வந்தது.

இது ஏன் முக்கியம்? அப்போது காஸ்மிக் கதிர் என்பது ஒளியின் இனம், மிகக் கூர்மையான காமா கதிர் என்றுதான் பெரும்பாலோர் நம்பினார்கள். காஸ்மிக் கதிர் என்ற பெயரை வைத்த ராபர்ட் மில்லிகனின் கட்சியும் அதுதான். ஒளிக்கு மின்னூட்டம் இல்லை. மின்னூட்டம் இல்லாததைக் காந்தம் தொடாது. பூமியின் காந்தப்புலத்தால் கதிர் கூடவும் குறையவும் செய்கிறது என்றால், வருவது ஒளி இல்லை, மின்னூட்டமுள்ள துகள்.

எதிர்க்கட்சியில் நின்றவர் ஆர்தர் காம்ப்டன். 1926–27இல் லாகூரில் தங்கிப் பாடம் நடத்தியவர், இந்தியாவை அறிந்தவர். 1930களின் தொடக்கத்தில் உலகின் பல மூலைகளுக்கும் ஒரே மாதிரிக் கருவிகளோடு குழுக்களை அனுப்பினார். வந்த எண்கள் கிளேயின் பக்கம் நின்றன: காந்த ஊசி சாயாமல் சமமாக நிற்கும் காந்த நடுக்கோட்டை நெருங்கினால் குறைவு, விலகினால் கூடுதல். 1932 டிசம்பரில் அமெரிக்க அறிவியல் மாநாட்டில் மில்லிகனும் காம்ப்டனும் மோதிக்கொண்டது நியூயார்க் நாளிதழின் முதல் பக்கத்துக்கே வந்தது. சில மாதங்களில் மில்லிகனும் இந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

துகள்தான் என்று தெரிந்தது. நேர் மின்னூட்டமா, எதிர் மின்னூட்டமா என்பது தெரியவில்லை. எலக்ட்ரானாகத்தான் இருக்கும், ஆகவே எதிர் மின்னூட்டம் என்பது பரவலான யூகம்.

ரோஸ்ஸியின் யோசனை

இத்தாலிய இளைஞர் புரூனோ ரோஸ்ஸி 1930இல் ஒரு யோசனை வெளியிட்டார். துருவ ஒளியை ஆராய்ந்த நார்வேக்காரர் கார்ல் ஸ்டோர்மர், பூமியின் காந்தப்புலத்தில் மின்துகள்கள் எப்படி வளையும் என்று நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கையாலேயே கணக்குப் போட்டுவந்தார். ரோஸ்ஸி அந்தக் கணக்கைக் காஸ்மிக் கதிருக்குப் பொருத்தினார்.

மதுரையை வைத்தே இதைப் பார்க்கலாம். இங்கே பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய தரைக்குச் சமமாகப் படுத்து, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. மேலிருந்து இறங்கும் நேர் மின்துகளை அது கிழக்கு நோக்கித் தள்ளும். எதிர் மின்துகளை மேற்கு நோக்கித் தள்ளும். கிழக்கு நோக்கித் தள்ளப்படும் துகள் நம் கண்ணுக்கு மேற்கிலிருந்து வருவதாகத் தெரியும். ஆகவே வருபவை நேர் மின்துகள்கள் என்றால் மேற்கே கூடுதலாக இருக்க வேண்டும். எதிர் மின்துகள்கள் என்றால் கிழக்கே. துகளைப் பிடித்துப் பார்க்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் எண்ணினாலே குறியைச் சொல்லிவிடலாம்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். கிழக்கு அடிவானத்திலிருந்து ஒரு புரோட்டான் வந்தது என்று வைத்துக்கொண்டு அதன் பாதையைப் பின்னோக்கி வரையுங்கள். ஆற்றல் போதாதது என்றால் அந்தப் பாதை வளைந்து பூமிக்குள்ளேயே முட்டி நிற்கும். பூமிக்குள்ளிருந்து காஸ்மிக் கதிர் கிளம்ப முடியாது. ஆகவே அந்தத் திசையில் அந்த ஆற்றலில் துகளே வராது. எந்தத் திசையிலிருந்தும் உள்ளே வர ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும்; அதை நுழைவு வரம்பு என்று சொல்லலாம். ஸ்டோர்மரின் சூத்திரப்படி காந்த நடுக்கோட்டில் நேர் உச்சியிலிருந்து வரும் புரோட்டானுக்குச் சுமார் 1,500 கோடி எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். மேற்கு அடிவானத்திலிருந்து வருவதற்கு 1,000 கோடி போதும். கிழக்கு அடிவானத்திலிருந்து வருவதற்கு 6,000 கோடி வேண்டும். துருவங்களிலோ காந்தத்தின் தடை இல்லவே இல்லை. காஸ்மிக் கதிர்களில் ஆற்றல் குறைந்தவைதான் மிகுதி என்பதால், வரம்பு கூடக் கூட வருகை குறையும். கிழக்கே குறைவதன் சூட்சுமம் இவ்வளவுதான்.

ரோஸ்ஸி முதலில் இத்தாலியில் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. காந்த நடுக்கோட்டிலிருந்து அது வெகு தொலைவு. எரித்திரியாவின் அஸ்மாரா நகரம் 2,300 மீட்டருக்கு மேல் உயரத்தில், நடுக்கோட்டுக்கு அருகில் இருந்தது. 1933இல் அங்கே போனார். இதற்கிடையில் மெக்சிகோ இயற்பியலாளர் மனுவேல் வயார்த்தா, பெல்ஜியத்துப் பாதிரியாரும் வானியலாளருமான ஜார்ஜ் லெமேத்ருடன் சேர்ந்து ஸ்டோர்மரின் கணக்கை விரிவாக்கியிருந்தார். மெக்சிகோ நகரத்தில் அளந்தால் தெரியும் என்ற அவருடைய சொல்லைக் கேட்டு இரண்டு அமெரிக்கக் குழுக்கள் அங்கே போயின. ஒன்று தாமஸ் ஜான்சனுடையது. மற்றொன்றில் இருந்தவர் காம்ப்டனின் மாணவர், 21 வயது லூயிஸ் ஆல்வரெஸ், பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர். ஓட்டல் மொட்டைமாடியில் கெய்கர் குழாய்களைச் சாய்த்து வைத்து மேற்கும் கிழக்கும் எண்ணினார். மேற்கே கூடுதலாக இருந்தது. ஜான்சனுக்கும் அதே விடை. ரோஸ்ஸி அஸ்மாராவில் எண்ணி முடித்தபோது 45 பாகை சாய்வில் மேற்கே ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் என்று கண்டார். யோசனை அவருடையது, முதலில் அச்சேறியது மற்றவர்களுடையது. அந்த மனத்தாங்கல் ரோஸ்ஸிக்கு இருந்தது.

முடிவு எல்லோருக்கும் வியப்பு. வருபவை எலக்ட்ரான்கள் அல்ல, நேர் மின்துகள்கள். அவை பெரும்பாலும் புரோட்டான்கள் என்பது 1941 வாக்கில் உறுதியாயிற்று.

பெங்களூருக்கு வந்த பலூன்கள்

தோற்ற மில்லிகன் ஓயவில்லை. காந்தத்தையே தன் அளவுகோலாக மாற்றிக்கொண்டார். பூமியின் காந்தம் ஒரு சல்லடை. வடக்கே போனால் கண் பெரிதாகி எல்லாமே விழும். நடுக்கோட்டில் கண் மிகச் சிறிது, பெரும் ஆற்றல் உள்ளவை மட்டும் விழும். இரண்டு ஊர்களில் மேலே எவ்வளவு வந்தது என்று அளந்து கழித்தால், அந்த இரண்டு வரம்புகளுக்கும் இடைப்பட்ட ஆற்றலில் எவ்வளவு வருகிறது என்பது கிடைக்கும். இதற்கு வடக்குத் தெற்காக நீண்ட ஒரு நாடு வேண்டும், அதன் தென்முனை காந்த நடுக்கோட்டைத் தொட வேண்டும். இந்தியா அப்படிப்பட்ட நாடு.

1939 இறுதியிலும் 1940 தொடக்கத்திலும் மில்லிகன், ஹென்றி விக்டர் நெஹர், வில்லியம் பிக்கரிங் மூவரும் இந்தியா வந்து பெஷாவர், ஆக்ரா, பெங்களூர் ஆகிய இடங்களிலிருந்து பலூன்களை ஏவினார்கள். இந்திய வானிலைத் துறை உதவியது. பிக்கரிங் பின்னாளில் அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்துக்குத் தலைவரானவர். அதே காலத்தில் விடுமுறைக்கு இந்தியா வந்து, போர் மூண்டதால் கேம்பிரிட்ஜ் திரும்ப முடியாமல் போன ஹோமி பாபா, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்திருந்தார். அங்கே சி.வி. ராமன் இருந்தார். பாபாவின் குழு 1944இல் அமெரிக்க ராணுவ விமானத்தில் கருவிகளை ஏற்றி, காந்த நடுக்கோட்டுக்கு அருகே உயரத்தில் மியூவான்களை அளந்தது. அப்போது அவற்றுக்கு மீசான் என்று பெயர். 1945இல் அவர் நிறுவிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் காஸ்மிக் கதிர்ப் பணியிலிருந்து வளர்ந்ததுதான்.

அதே கழகத்தில் ராமனிடம் வேலை பார்த்த இன்னோர் இளைஞர் விக்ரம் சாராபாய். வெப்பமண்டல அட்சங்களில் காஸ்மிக் கதிர் என்பதே 1947இல் கேம்பிரிட்ஜில் அவர் பெற்ற முனைவர் பட்டத்தின் பொருள். பிறகு அகமதாபாத்தில் நிறுவிய ஆய்வகத்தின் கருவிகளை அவர் தெற்கே கொண்டுவந்து வைத்த இடங்கள் கொடைக்கானலும் திருவனந்தபுரமும். வெவ்வேறு திசையிலிருந்து வரும் கதிர் நாள் முழுக்க எப்படி ஏறி இறங்குகிறது என்று அந்தக் குழு பார்த்தது.

கொடைக்கானலைத் தேர்ந்தது தற்செயல் அல்ல. அங்கே நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பூமியின் காந்தத்தை அளக்கத் தொடங்கியிருந்தார்கள். காந்த ஊசி தலைசாயாமல் சமமாக நிற்கும் இடங்களை இணைத்தால் அதுதான் காந்த நடுக்கோடு. அது பூமத்திய ரேகையோடு ஒட்டி ஓடுவதில்லை. இந்தியாவில் வடக்கே ஏறி, தீபகற்பத்தின் தென்முனையைக் கடக்கிறது. 1963 நவம்பர் 21இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டைத் தும்பாவில் சாராபாய் ஏவியதற்கும் இந்தக் கோடுதான் காரணம். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதும் இதனால்தான்.

மதுரை இந்தக் கோட்டுக்குச் சற்று வடக்கே இருக்கிறது. அதோடு இன்னொரு விசேஷமும் உண்டு. பூமியின் காந்தம் அதன் நடுமையத்தில் இல்லை, மேற்குப் பசிபிக் பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. அதனால் தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் நடுக்கோட்டுக் காந்தப்புலம் சராசரியைவிட வலுவானது. ஸ்டோர்மரின் 1,500 கோடி மதுரைக்கு மேல் சுமார் 1,700 கோடி எலக்ட்ரான் வோல்ட்டாக உயர்கிறது. உலகிலேயே மிக உயர்ந்த நுழைவு வரம்புகளில் இதுவும் ஒன்று. அந்த அளவு ஆற்றலுள்ள புரோட்டான்கூட நம் தலைக்கு மேலுள்ள காந்தப்புலத்தில் சுமார் 1,400 கிலோமீட்டர் ஆரமுள்ள வில்லாக வளைகிறது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். கிழக்கிலிருந்து வருபவை ஏன் மறைந்துபோகின்றன என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

மதுரைக்கு ஏன் இந்தக் கணக்கு

மியூவான் எண்ணுவது மதுரை மையத்தின் இறுதி நோக்கம் அல்ல. மதுரைக்கு மேற்கே சுமார் 110 கிலோமீட்டரில், தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலைக்கு அடியில் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு உணர்வி ஒன்றை வைத்து நியூட்ரினோக்களை ஆராய்வது திட்டம். மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. மலையையும் நீரையும் காட்டையும் பற்றிய அச்சத்தில் அந்தப் பகுதி மக்கள் எதிர்த்தார்கள், வழக்குகள் வந்தன, 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. மலையில் வேலை நடக்கவில்லை. மதுரையில் கட்டிய மாதிரிகள் மட்டும் அளந்துகொண்டிருந்தன.

நியூட்ரினோவுக்கும் மேற்கு-கிழக்குக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? மியூவான் பிறக்கும் அதே பயான் சிதைவில்தான் காற்றுமண்டல நியூட்ரினோவும் பிறக்கிறது. நியூட்ரினோவைக் காந்தம் தொடாது. ஆனால் அதைப் பெற்றெடுத்த புரோட்டானைத் தொட்டிருக்கும். ஆகவே நியூட்ரினோக்களும் மேற்கிலிருந்து கூடுதலாக வரும். ஜப்பானின் சூப்பர்-கமியோகாண்டே நியூட்ரினோ ஆய்வகம் இதை 1999இல் கண்டு சொன்னது. நியூட்ரினோ வழியில் தன் இனத்தை மாற்றிக்கொள்கிறதா என்று எண்ணிக்கையை வைத்துச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் எந்தத் திசையிலிருந்து எத்தனை கிளம்பின என்று தெரிய வேண்டும். காந்த நடுக்கோட்டுக்கு அருகே அந்தக் கணக்கு மற்ற இடங்களைவிடச் சிக்கலானது. ஜப்பானியர் மொரிஹிரோ ஹோண்டாவின் கணக்கும் கோர்சிகா என்ற கணினி மாதிரியும் உலகெங்கும் கையாளப்படுகின்றன. மதுரை அடுக்கின் மியூவான்கள் அவற்றை இந்த அட்சத்தில் உரசிப் பார்க்க உதவின.

அதே மையத்தில் 2018 முதல் இயங்கும் இன்னொரு கருவி சின்ன-ஐகால். 4 மீட்டர் சதுரத்தில் பதினொரு இரும்பு அடுக்குகள், மொத்தம் 85 டன். செப்புச் சுருள்களில் மின்சாரம் பாய்ச்சி இரும்புக்குச் சுமார் 1.4 டெஸ்லா காந்தம் ஏற்றுகிறார்கள். மதுரையில் பூமியின் காந்தத்தைவிட இது முப்பத்தைந்தாயிரம் மடங்கு. 100 கோடி எலக்ட்ரான் வோல்ட் மியூவான் இதற்குள் இரண்டரை மீட்டருக்கும் குறைந்த ஆரத்தில் வளைகிறது. வளைவு ஒரு பக்கமானால் நேர் மியூவான், மறு பக்கமானால் எதிர் மியூவான். ரோஸ்ஸி பூமி முழுவதையும் காந்தமாக வைத்துக் கேட்ட கேள்வியை இங்கே ஒரு கூடத்துக்குள் ஒவ்வொரு துகளிடமும் தனித்தனியாகக் கேட்க முடிகிறது. உலகெங்கும் கண்ட விகிதம் இது: நான்கு எதிர் மியூவானுக்கு ஏறக்குறைய ஐந்து நேர் மியூவான். மூலத் துகள்கள் பெரும்பாலும் நேர் மின்னூட்டமுள்ள புரோட்டான்கள் என்பதன் எச்சம் அது. ஆல்வரெஸ் மாடியில் நின்று எண்ணிய கூடுதலும் இதுவும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

தடுப்பு தளர்ந்த இரவு

பூமியின் காந்தம் எப்போதும் ஒரே அளவில் தடுப்பதில்லை. இதை நேரில் பிடித்தது ஊட்டி. 2,200 மீட்டர் உயரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஜப்பானியர்களோடு சேர்ந்து நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கி இருக்கிறது. அதில் உள்ளவை 3,712 உணர்விக் குழாய்கள். வானத்தைப் பல திசைகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மியூவானை அது எண்ணுகிறது.

சூரியனிலிருந்து கிளம்பிய பெரும் பிளாஸ்மா மேகம் ஒன்று 2015 ஜூன் 22 அன்று பூமியில் மோதியது. நம் நேரப்படி நள்ளிரவு கடந்த வேளையில், சுமார் இரண்டு மணி நேரம் ஊட்டியின் எண்ணிக்கை திடீரென உயர்ந்து இறங்கியது. பூமியின் காந்தத்துக்கு எதிர்த் திசையில் இருந்த அந்த மேகத்தின் காந்தப்புலம், நம் காந்தத் தடுப்பைத் தற்காலிகமாகத் தளர்த்திவிட்டது. வழக்கமாகத் திரும்பிப் போக வேண்டிய துகள்கள் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டன. பிரவாதா மொகந்தி முதலானோர் எழுதிய கட்டுரை 2016இல் வெளியானது. நுழைவு வரம்பு ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் இடம் என்பதால், அது சற்று இறங்கினாலும் ஊட்டி உணர்ந்துவிட்டது.

ஆற்றல் ஏற ஏறப் பூமியின் காந்தம் வலுவிழக்கிறது. லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் புரோட்டானை அது ஒன்றரைப் பாகை அளவுதான் விலக்கும். இதை நிலவைக் கொண்டே பார்த்திருக்கிறார்கள். நிலவு காஸ்மிக் கதிரை மறைப்பதால் வானத்தில் அதன் இடத்தில் ஒரு குறைவு தெரிய வேண்டும். திபெத் மேட்டுநிலத்துக் கருவிகளில் அந்தக் குறைவு நிலவின் இடத்திலிருந்து மேற்கே நகர்ந்து தெரிந்தது. இங்கேயும் மேற்குதான், அதே காரணம்தான்.

பூமியைத் தாண்டியும் காந்தம்

அப்படியானால் ஆற்றல் மிகுந்த துகள்களைப் பிடித்தால் ஊற்றைக் கண்டுவிடலாமே? அங்கே அடுத்த காந்தம் காத்திருக்கிறது. பால்வீதி முழுவதும் காந்தப்புலம் பரவியிருக்கிறது. பூமியின் காந்தத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத வலு. ஆனால் தூரம் மிகப் பெரிது. 16 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்கூட அதில் ஒளி ஒரு வாரத்தில் கடக்கும் தூரத்தை ஆரமாகக் கொண்டு சுழல்கிறது. மிக அருகிலுள்ள நட்சத்திரமோ நான்கு ஒளியாண்டு தொலைவில். வழியில் எண்ணற்ற முறை சுற்றி வரும் துகள், கிளம்பிய திசையைத் தொலைத்துவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. 1912 முதல் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்ததன் காரணம் இதுதான்.

இந்த ஆற்றலில்தான் ஊட்டி ஒரு நுட்பமான வேலை செய்தது. 2013 முதல் 2016 வரை பதிவான 370 கோடி நிகழ்வுகளை வானத்தின் வரைபடத்தில் பரப்பி, சராசரியைவிடப் பத்தாயிரத்தில் ஐந்தாறு பங்கு மட்டும் கூடுதலாக உள்ள இரண்டு இடங்களை அடையாளம் கண்டது. 2024இல் முடிவு வெளியானது. அந்தக் கூடுதல், ஊற்று அங்கே இருக்கிறது என்று காட்டவில்லை. நம் அக்கம்பக்கத்து விண்வெளியில் காந்தப்புலம் எப்படிப் படுத்திருக்கிறது என்பதற்குத்தான் அது பெரும்பாலும் துப்பு.

அதற்கும் மேலே, 1 என்ற எண்ணுக்குப் பின் இருபது சுழி வரும் எலக்ட்ரான் வோல்ட்டில் பால்வீதியின் காந்தமும் கை விட்டுவிடுகிறது. அப்படிப்பட்ட புரோட்டானின் வில் ஆரம் லட்சம் ஒளியாண்டுக்கு மேல், பால்வீதியின் அகலத்துக்கே சமம். ஆனால் இவை ஒரு சதுர கிலோமீட்டரில் நூற்றாண்டுக்கு ஒன்றுதான் விழும். அர்ஜென்டினாவின் பியர் ஓஷே ஆய்வகம் 3,000 சதுர கிலோமீட்டரில் கருவிகளைப் பரப்பி, அதைவிடக் குறைந்த ஆற்றலிலிருந்து தொடங்கித் துகள்களைச் சேர்த்து, 2017இல் ஒரு முடிவைச் சொன்னது: வானத்தின் ஒரு பாதியில் சுமார் ஆறரை சதவீதம் கூடுதல். அந்தப் பக்கம் பால்வீதியின் மையத்திலிருந்து 120 பாகைக்கு மேல் விலகியிருந்தது. ஆகவே இவை நம் பால்வீதிக்கு வெளியேயிருந்து வருபவை. எந்த ஊற்று என்பது இன்னும் தீரவில்லை. துகள் புரோட்டானா, இரும்பின் கருவா என்பதைப் பொறுத்து வளைவு 26 மடங்கு வரை மாறும். அதைச் சொல்லாமல் பாதையைப் பின்னோக்கி வரைய முடியாது.

ஆகவே காஸ்மிக் கதிரின் திசையைப் படிப்பவர் இரண்டு கணக்கைச் சேர்த்தே போட வேண்டியிருக்கிறது: துகள் எது, வழியில் காந்தம் எவ்வளவு. ஒன்று தெரிந்தால் மற்றொன்று கிடைக்கும். 1933இல் பூமியின் காந்தம் தெரிந்திருந்ததால் துகளின் குறி கிடைத்தது. துகள் புரோட்டான் என்று தெரிந்த பின், 2015இல் பூமியின் காந்தம் தளர்ந்தது கிடைத்தது. பால்வீதிக்கு வெளியே இரண்டுமே அரைகுறையாகத் தெரிகின்றன. அதனால்தான் நூறு ஆண்டுக்கு மேலாகியும் ஊற்றின் முகவரி கைக்கு வரவில்லை.

காந்தத்துக்கு மசியாத துகளாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அது கிளம்பிய இடத்திலிருந்து நேராக வரும். அப்படியொரு துகள், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ, 1965இல் கோலார் தங்கவயலின் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே சிக்கியது. பி.வி. ஸ்ரீகண்டனும் கூட்டாளிகளும் ஜப்பானியரோடும் ஆங்கிலேயரோடும் சேர்ந்து அதை எப்படிப் பிடித்தார்கள் என்பது அடுத்த அத்தியாயத்தில்.